போத்தலில் விழுகிற இலையான் வேறு, மாட்டைக் கடிக்கிற இலையான் வேறு

கேள்வி: டொக்டர், நாங்கள் வெல்லாவெளிப் பக்கம். ஐந்து பால்மாடும் கன்றுகளும் வைத்திருக்கிறோம். மாரி மழை விட்டு, சூடடிப்பும் முடிந்ததிலிருந்து இலையான் தொல்லை தாங்க முடியவில்லை. கறக்க உட்கார்ந்தால் மாடு ஒரு காலையும் நிலத்தில் ஊன்றி நிற்பதில்லை. உதைத்து வாளியைக் கவிழ்த்து விடுகிறது. பாலும் குறைந்துவிட்டது. போனில் பார்த்து, சோடாப் போத்தலை வெட்டி, மீன் தலையும் சீனித் தண்ணியும் போட்டுக் கொட்டிலைச் சுற்றி ஆறு இடத்தில் கட்டினேன். போத்தல் நிறைய விழுகிறது. ஆனால் கடி கொஞ்சமும் குறையவில்லை. மேயப் போகிற குளத்துப் பக்கத்தில் பெரிய ஈக்கள் வேறு மாட்டைத் துரத்துகின்றன. வயலுக்கு அடிக்கிற மருந்தை மெல்லிசாகக் கலந்து மாட்டுக்கு அடித்தால் சரி என்று வீட்டுக்காரர் சொல்கிறார். நான் இன்னும் விடவில்லை. அதிகம் காசு செலவாகாமல் நாமே செய்யக்கூடிய பொறி ஏதும் இருக்கிறதா? கடையில் விற்கிற நீல வெளிச்ச மெஷின் வாங்கிக் கட்டலாமா?
— வெல்லாவெளி வாசகி

பதில்:

தங்கச்சி, முதலில் அந்த வயல் மருந்துப் பேச்சை முடித்துவிடுவோம். வேண்டாம். மெல்லிசாகக் கலந்தாலும் வேண்டாம். நெற்பயிருக்கென்று செய்த மருந்து மாட்டின் தோலுக்குள்ளால் உள்ளே போகும். மாடு தன் உடம்பை நக்கும்போது வாய்வழியாகவும் போகும். அப்புறம் பாலில் வரும். அந்தப் பாலைக் கன்றும் குடிக்கும், உங்கள் பிள்ளைகளும் குடிப்பார்கள். வாயில் நுரை தள்ளி, கால் நடுங்கி விழுந்த மாட்டைக் காப்பாற்றுவது எங்களுக்கும் லேசான வேலை இல்லை. நீங்கள் விடாமல் நின்றது நல்ல காரியம். பழைய என்ஜின் ஒயிலைக் காலில் பூசுவது, மண்ணெண்ணெய் தேய்ப்பது எல்லாம் இதே கணக்குத்தான். தோல் வெந்து புண்ணாகும். புண்ணுக்கு இன்னும் ஈ வரும்.

இனி உங்கள் போத்தலுக்கு வருவோம். நீங்கள் செய்ததில் பிழை இல்லை. போத்தல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஆனால் மீன் தலைக்கும் சீனிக்கும் வருவது வீட்டு இலையானும், பச்சையாய் மினுங்குகிற பிண ஈயும். அழுகல்தான் அவற்றுக்குச் சாப்பாடு, முட்டை இடுகிற இடமும் அதுதான். உங்கள் மாட்டைக் கடிப்பவை இரத்தம் குடிக்கிற சாதி. அழுகின மீன் வாசத்துக்கு அவை திரும்பியும் பார்க்காது. இன்னும் சொன்னால், கொட்டிலைச் சுற்றி ஆறு மீன் போத்தல் கட்டினதால் ஊரில் இருக்கிற வீட்டு இலையானை எல்லாம் பால் கறக்கிற இடத்துக்கு நீங்களே கூப்பிட்டிருக்கிறீர்கள். நாயும் காகமும் இன்னும் வரவில்லை என்றால் அதுவே பெரிய விசயம். போத்தல்களை எறிய வேண்டாம், குப்பைக் கிடங்குப் பக்கம் தள்ளிக் கட்டிவிடுங்கள். வெட்டத் தெரிந்த கைக்குக் கீழே இன்னொரு வேலை வைத்திருக்கிறேன்.

இரத்தம் குடிக்கிற ஈக்கள் மாட்டைத் தேடி வருவது பெரும்பாலும் கண்ணால்தான். மாட்டின் மூச்சும் மூத்திர வாசமும் தூரத்திலிருந்து இழுக்கும். கிட்ட வந்தபிறகு உருவம், நிறம், மினுக்கம், சூடு இவற்றைப் பார்த்துத்தான் இறங்கும். அதனால் இவற்றுக்குப் பொறி வைப்பதென்றால், எதைப் பார்த்து எது வருகிறது என்று தெரிந்து வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பொறி கிடையாது.

நாளைக்குக் காலையில் கறக்கமுதல் ஒரு மாட்டின் பக்கத்தில் அசையாமல் நின்று பாருங்கள். ஈ எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

முழங்காலுக்குக் கீழே, தலையை மேலே வைத்துக்கொண்டு குந்தியிருந்தால் அது தொழுவ ஈ. பார்வைக்கு வீட்டு இலையான் மாதிரியே இருக்கும். அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒன்றை அடித்துக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வீட்டு இலையானின் வாய் கீழே மடங்கின பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். இதற்குத் தலைக்கு முன்னால் ஊசி போலக் கறுப்பாக ஒன்று நேரே நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் மாட்டின் தோலைத் துளைக்கிற கருவி. ஆண், பெண் இரண்டும் கடிக்கும்.

முதுகிலும் திமிலிலும் வயிற்றுக்கு அடியிலும் கூட்டமாக, தலையைக் கீழே போட்டுக்கொண்டு, சின்னதாக, வீட்டு இலையானில் பாதி அளவுக்கு இருந்தால் அது எருமை ஈ. மாடு வாலை வீசினால் குபீரென்று எழும்பித் திரும்ப அதே இடத்தில் இறங்கும். இரவும் பகலும் மாட்டிலேயே குடியிருக்கும். சுடச்சுடச் சாணி விழும்போது முட்டை இடுவதற்கு மட்டும் இறங்கும்.

மூன்றாவது, நீங்கள் குளத்துப் பக்கம் பார்த்த பெரிய ஈ. குதிரை ஈ என்போம். கண் பெரிசு, பறக்கும்போது சத்தம் கேட்கும். கடித்துவிட்டுப் போன இடத்தில் இரத்தம் வழியும். ஊசியால் குத்துவதில்லை, கத்தி வைத்து வெட்டுகிற வாய். கடிப்பது பெண் மட்டும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், மாடு காலை மாற்றி மாற்றித் தூக்குவது தொழுவ ஈயின் வேலை. துரத்துவது குதிரை ஈயின் வேலை. ஆக, உங்களுக்கு இரண்டு சண்டை. பாலைக் குறைத்திருப்பது பெரும்பாலும் முதலாவதுதான். ஒரு முன்னங்காலில் ஒரே நேரத்தில் ஐந்து தொழுவ ஈக்கு மேல் நின்றால் நட்டம் தொடங்கிவிட்டது என்பது மாட்டுப் பண்ணைகளில் நெடுங்காலமாக வைத்திருக்கிற கணக்கு. ஐந்துதானே என்று நினைக்காதீர்கள். ஒரு ஈ இரண்டு மூன்று நிமிடத்தில் வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போய் வேலியிலோ சுவரிலோ வெயில் படுகிற இடத்தில் உட்கார்ந்துவிடும். காலில் நீங்கள் எண்ணுவது அந்த நிமிடத்தில் சாப்பாட்டுக்கு வந்தவை மட்டும். மிச்சக் கூட்டம் சுற்றுப்புறத்தில் இருக்கிறது.

அந்தப் பழக்கமே நமக்கு உதவி. தொழுவ ஈக்கு நீல நிறமும் வெயிலில் மினுங்குகிற பரப்பும் பிடிக்கும். அமெரிக்காவில் 1970களிலேயே வெளிச்சம் ஊடுருவுகிற பைபர் தகட்டில் பசை பூசி நட்டுப் பார்த்தார்கள். நம் கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கடந்த ஒளி அந்தத் தகட்டில் பட்டுத் தெறிப்பதுதான் ஈக்குத் தெரிகிற அழைப்பு. கூரைக்குப் போடுகிற அந்த வகைத் தகட்டுத் துண்டு எங்கேயாவது கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தண்ணி பிடிக்கிற நீலப் பெரல். நம் ஊரில் உடைந்த நீலப் பெரல் இல்லாத வளவு எது? பக்கத்தை வெட்டி, வெயிலில் போட்டுத் தட்டையாக்கி, ஒரு கை நீளம், முக்கால் கை அகலத்தில் பலகையாக எடுங்கள். இரண்டு கம்பில் நிற்க வைத்துக் கட்டுங்கள். கீழ் ஓரம் முழங்கால் உயரத்திலும் மேல் ஓரம் இடுப்பு உயரத்திலும் இருக்கட்டும். உயர்த்திக் கட்டிப் பிரயோசனம் இல்லை. தொழுவ ஈ தாழப் பறக்கிற சாமான்.

பலகையில் நேரே பசை பூசாதீர்கள். முதலில் வெள்ளைக் கண்ணாடிப் பொலித்தீனை இறுக்கிச் சுற்றுங்கள். அதற்கு மேல், எலி பிடிக்கக் கடையில் விற்கிற பசையை வெயிலில் வைத்து இளக்கி மெல்லிசாகத் தடவுங்கள். தூசியும் ஈயும் மூடினதும் பொலித்தீனை மட்டும் உரித்துச் சுருட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றலாம், பலகை கிடக்கும். உரித்ததை வளவில் போட்டுவிட்டால் கோழிக்குஞ்சு ஒட்டிக்கொள்ளும். பலகைக்கு முன்னும் பின்னும் இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கோழிவலை அடித்துவிடுங்கள். ஓணானும் குருவியும் பசையில் மாட்டித் துடிப்பதைப் பார்த்தால் உங்களுக்கே இந்தப் பொறி வேண்டாம் என்றாகிவிடும்.

இடம்தான் அரைவாசி வெற்றி. கொட்டிலுக்குள் நிழலில் கட்டினால் வேலை செய்யாது. கொட்டிலிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, காலை வெயில் நன்றாக விழுகிற பக்கம், ஏற்கெனவே ஈ உட்கார்கிற வேலி ஓரம். மாட்டுக்கு ஒட்டிக் கட்டாதீர்கள். பக்கத்தில் மாடு நிற்கும்போது ஈக்குப் பலகை எதற்கு?

குதிரை ஈக்குச் செய்கிற பொறி வேறு மாதிரி. அதைச் செய்து பார்க்கிறவர்கள் முதல் நாளிலேயே சிரித்துவிடுவார்கள், அவ்வளவு நன்றாக ஏமாறும். 1960களில் கனடாவின் மனிடோபாவில் பூச்சி ஆய்வாளர்கள் செய்தது, அந்தப் பெயரிலேயே மனிடோபாப் பொறி என்கிறார்கள். மினுக்கமான கறுப்புப் பந்து ஒன்று வெயிலில் தொங்கும். வெயிலில் சூடேறி, காற்றில் ஆடுகிற அந்தப் பந்தைக் குதிரை ஈ மாட்டின் உடம்பென்று நினைத்து வந்து முட்டும். இரத்தம் கிடைக்காது. கிடைக்காவிட்டால் அது மேலே, வெளிச்சத்தை நோக்கித்தான் எழும்பும். பக்கவாட்டில் போவது குறைவு. பந்துக்கு மேலே ஒரு கூடாரம் கவிழ்த்து வைத்திருந்தால் அதற்குள் ஏறும். கூடாரத்தின் உச்சியில் போத்தல் இருந்தால் அதற்குள் போய்விடும்.

பந்து ஒரு முழம் குறுக்களவுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. உதைபந்து சின்னது, ஏதோ கொஞ்சம் பிடிக்கும். களுவாஞ்சிக்குடி, கல்லாறுப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் மீன்பிடிக்காரரிடம் பழைய பெரிய பிளாஸ்டிக் மிதவை கேட்டுப் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. மினுங்குகிற கறுப்பு இனாமல் பெயின்ட் இரண்டு தரம் அடியுங்கள். மங்கின கறுப்பு வேண்டாம், மினுக்கம்தான் இழுக்கும்.

ஆள் உயரத்துக்குச் சற்று மேலான மூன்று கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி விரித்து நடுங்கள். உச்சியிலிருந்து பாதி உயரம் வரைக்கும் கண்ணாடிப் பொலித்தீனையோ வெள்ளை நுளம்பு வலையையோ கூம்பாகச் சுற்றுங்கள். கீழ்ப்பாதி திறந்தே இருக்க வேண்டும். பந்தைத் தொங்கவிடும்போது அதன் மேல்பாதி கூம்புக்குள்ளும் கீழ்ப்பாதி வெளியே தெரிகிற மாதிரியும் இருக்கட்டும். இனி உங்கள் சோடாப் போத்தல். அடியை வெட்டி எறிந்துவிட்டு, அகன்ற பக்கம் கீழே, கழுத்து மேலே பார்க்கக் கூம்பின் உச்சியில் இறுக்கிக் கட்டுங்கள். ஐந்து லீற்றர் தண்ணிப் போத்தல் ஒன்றின் மூடியில் ஓட்டை போட்டு, அதைக் கவிழ்த்து, சின்னப் போத்தலின் கழுத்து உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும்படி மாட்டிவிடுங்கள். உள்ளே போன ஈ வெளிச்சத்தைத் தேடி மேலேயே முட்டிக்கொண்டிருக்கும். கீழே கழுத்து வாசலுக்குத் திரும்பி வராது. மத்தியான வெயிலில் அங்கேயே காய்ந்து சாகும், மருந்து எதுவும் தேவையில்லை. இடுக்கு எதுவும் விடாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு விரல் ஓட்டை இருந்தாலும் அதற்குள்ளால் வெளிச்சம் தெரியும், ஈ அதால் போய்விடும்.

பல நாள் வைத்துப் புளித்த மாட்டு மூத்திரத்தை ஒரு டின்னில் ஊற்றிப் பந்துக்கு அடியில் வைத்தால் இன்னும் கூட வரும். வாசம் பொறுக்க முடிந்தால் செய்யுங்கள். குளத்துக்கும் பற்றைக்கும் மாடு மேய்கிற இடத்துக்கும் நடுவில், நாள் முழுக்க வெயில் படுகிற வெட்டையில் நடுங்கள். சுற்றி நாலு முள்ளுக் கொப்பு வேலியும் போட வேண்டும். மாடு சொறியப் போய் முழுப் பொறியையும் சாய்த்துவிடும், வலையைத் தின்றும் பார்க்கும்.

தையல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. சுவாகிலி மொழிப் பெயரில் ‘ன்சி’ என்பார்கள். கிழக்கு ஆபிரிக்காவில் உருவானது. நீலத் துணியும் கறுப்புத் துணியும் வெள்ளை வலையும் சேர்த்து முக்கோணமாகத் தைப்பது. குதிரை ஈ, தொழுவ ஈ இரண்டையும் பிடிக்கும். வெளிர்நீலம், கருநீலம் இரண்டும் சரிவராது, பளிச்சென்ற நீலம் வேண்டும். ஐந்து மாட்டுக்கு இது பெரிய வேலை. பெரிய பட்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்து செய்தால் பிரயோசனம்.

எருமை ஈக்கு இவை எதுவும் சரிவராது, அது மாட்டை விட்டுப் போகாத சாதி. மாடு நடந்து போகிற இருட்டுக் கூண்டு ஒன்றைச் செய்து, உள்ளே தொங்கும் துணிகள் முதுகைத் துடைத்துவிட, எழும்புகிற ஈயைப் பக்கத்து வலையில் பிடிக்கிற முறை 1938 முதல் இருக்கிறது. உங்கள் அளவுக்கு வேண்டாம். அன்றன்றைச் சாணியை வெயிலில் மெல்லிசாகப் பரப்பிவிட்டாலே முட்டை காய்ந்துவிடும்.

இவ்வளவும் சொன்னாலும், தங்கச்சி, தொழுவ ஈ விசயத்தில் பொறிக்கு முதல் வைக்கோலைப் பாருங்கள். குதிரை ஈ குளத்து ஓரச் சேற்றில் மாதக்கணக்கில் வளர்வது. அந்தச் சேற்றை நாம் ஒன்றும் செய்ய முடியாது, பொறிதான் வழி. தொழுவ ஈ அப்படி இல்லை, அதை வளர்ப்பது நாம்தான். சூடடித்த வைக்கோலைக் கொட்டிலில் நிலத்தில் போட்டு மாட்டுக்குக் கொடுக்கிறோம். தின்று மிஞ்சினது காலடியில் மிதிபட்டு, சாணியும் மூத்திரமும் ஊறி, ஓரத்தில் மெத்தை மெத்தையாகப் படிகிறது. ஒரு தடியால் அந்த ஓரத்தைக் கிளறுங்கள். மேலே காய்ந்திருக்கும். இரண்டு விரல் ஆழத்தில் ஈரமாக, கறுப்பாக, இளஞ்சூடாக இருக்கும். அங்கே வெளிர்மஞ்சள் புழுவும், நெல்மணியைவிடச் சின்னதாகச் செம்பழுப்பு நிறத்தில் கூட்டுப்புழுவும் இருந்தால் உங்கள் தொல்லை பிறக்கிற இடம் அதுதான். முட்டையிலிருந்து ஈயாகப் பறக்க, நம்முடைய வெக்கைக்கு இரண்டு மூன்று கிழமை போதும். அதனால் கிழமைக்கு ஒரு தரம் அந்த ஓரத்தை மண்வெட்டியால் வழித்து எடுத்துவிட்டால் எதுவும் ஈயாக முடியாது. எடுத்ததைக் குவித்துக் கறுப்புப் பொலித்தீனால் இறுக்கி மூடிவையுங்கள். உள்ளே ஏறுகிற சூட்டில் புழு சாகும், பசளையும் கிடைக்கும். வைக்கோலை நிலத்தில் போடாமல் மூன்று பலகை அடித்துத் தொட்டி மாதிரி உயர்த்திக் கொடுங்கள். வைக்கோலும் மிஞ்சும்.

இன்றைக்குச் சுத்தம் செய்தால் நாளைக்கே குறையாது. இப்போது பறக்கிற கூட்டம் இன்னும் இரண்டு மூன்று கிழமை உயிரோடு இருக்கும். அதற்குள் பலகை கொஞ்சத்தைப் பிடித்துவிடும். பக்கத்து வளவுப் பட்டியிலும் இதே வைக்கோல் மெத்தை கிடந்தால் அங்கிருந்தும் வரும், இந்த ஈ கிலோமீற்றர் கணக்கில் பறக்கக்கூடியது. அவர்களோடும் ஒரு வார்த்தை பேசுங்கள்.

கறக்கிற நேரத்துக்கு மட்டும் புகை போடுங்கள். பொச்சுமட்டையில் நெருப்பு வைத்து மேலே பச்சை வேப்பிலை. மாடு தானாகவே வந்து புகைக்குள் நிற்கும், அதற்குத் தெரியும். நெருப்பு அணைந்தால் ஈ திரும்ப வரும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வாளி பால் கவிழாமல் கறந்து முடிக்க அது போதும். டயரும் பிளாஸ்டிக்கும் அதில் போட வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் காலில் பத்துப் பன்னிரண்டு ஈ நிற்குமானால் மாட்டுக்கென்றே செய்த, முதுகில் ஊற்றுகிற மருந்து இருக்கிறது. உங்கள் பிரதேசக் கால்நடை வைத்தியர் காரியாலயத்தில் கேட்டு, அளவும், எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்பதும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கறந்து முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

இன்னொன்று. கடிக்கிற ஈ ஒரு மாட்டில் பாதி குடித்துக்கொண்டிருக்கும்போது வால் அடி பட்டால், மிச்சத்தை அடுத்த மாட்டில் குடிக்கும். ஊசி மாற்றாமல் போடுவதுபோல நோயும் அப்படியே மாறும். 2020இல் இலங்கைக்குள் வந்த, தோல் முழுக்கக் கட்டி கட்டியாக எழும்புகிற மாட்டு நோய் பரவுவதில் இந்த ஈக்களுக்கும் பங்கு உண்டு. காய்ச்சலும் தோலில் கட்டியும் கண்டால் அந்த மாட்டைப் பிரித்துக் கட்டி அன்றைக்கே அறிவியுங்கள். தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீல வெளிச்ச மெஷின்: வாங்காதீர்கள். அது இரவில் வெளிச்சத்துக்கு வருகிற பூச்சியைச் சுடுவது. உங்கள் எதிரிகள் இரண்டும் பகலில் கடிக்கிறவை. இரவில் அந்த மெஷினில் படபடவென்று வெடிப்பது பாவப்பட்ட வண்டும் விட்டிலும்தான். அந்தக் காசுக்கு ஒரு பெயின்ட் டின்னும் இரண்டு டப்பா எலிப் பசையும் வாங்கலாம்.

மாட்டின் காலில் இருந்து அடித்த ஈ ஒன்றிரண்டும் முதுகில் இருந்து ஒன்றிரண்டும் தனித்தனித் தீப்பெட்டியில், ஈரம் படாமல், எங்கே பிடித்தது என்று மேலே எழுதி, அடுத்த முறை காரியாலயத்துக்குப் போகும்போது கொண்டு போய்க் காட்டுங்கள். வால் அடியில் நசுங்கினது வேண்டாம், வாய் தெரிகிற மாதிரி முழுதாக இருக்க வேண்டும்.